யாரும் பாடாத ஆல்பம்

ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் முதலில் அவள் முதுகைப் பற்றித்தான் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் வருசக்கணக்காக எல்லோரும் பார்த்தது அதைத்தான். காலை பிரேயரில் பிள்ளைகள் எங்களைப் பார்த்து நின்று பாடுவார்கள். மியூசிக் டீச்சர் ஜெனிட்டா ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பாள். ஆண்டு விழாவுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் பாடின பிள்ளைக்குக் கோப்பை கொடுப்பார், வாசித்தவளுக்கு ஆறின டீ வரும். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலிலும் இதே கதைதான் என்று சொன்னாள்.

நான் லோகநாயகி. செங்கல்பட்டில் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள். எனக்கு வாய் நீளம் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பெயர் உண்டு. இருக்கட்டும். வாயில்லாதவர்களைப் பற்றி யாராவது வாயுள்ளவர்கள்தானே சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஜெனிட்டா மாமல்லபுரம் போய்விடுவாள். அங்கே கடலோரத்து ஓட்டல் ஒன்றில் நிஜமான பியானோ இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, கிட்டத்தட்ட ஒரு மாருதி கார் அளவுக்கு. விருந்தாளிகள் சாப்பிடும்போது அதை வாசிப்பது அவள் வேலை. இரண்டாயிரமாவது வருசம் ஒரு சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரர் ராகவனும் அவளோடு போயிருந்தோம். அவர் கல்பாக்கத்துக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய் வருகிறவர், கடலைத் தினமும் பார்த்துச் சலித்தவர், அதனால் மீனை மட்டும் கவனித்தார். வெள்ளைக்காரர்கள் இறாலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையிலிருந்து டிஷ்யூ காகிதத்தில் சினிமாப் பாட்டின் பெயரை எழுதி அனுப்பினார்கள். ஜெனிட்டா வாசித்தாள். எழுதி அனுப்பினவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "லோகா மிஸ், நான் ஒரு ஆல்பம் போடணும்."

"போடேன். பாட்டு யாரு பாடுறது?"

"யாரும் பாடல."

"அப்போ?"

"அப்போன்னா? நான் வாசிக்கிறேன், அவ்ளோதான். ஐரோப்பாவுல இருநூறு வருசத்துக்கு முன்னாடி பியானோவுக்குன்னே எழுதின இசை மிஸ். ஒரு மணி நேரம். மேல யாரும் பாடக்கூடாது. கீழ யாரும் சாப்பிடக்கூடாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "ஒரே ஒரு தடவை நான் வாசிக்கிறத மட்டும் யாராச்சும் கேக்கணும்னு ஆசையா இருக்கு மிஸ்" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயசிருக்கும். அந்த வயசில் பெண்கள் வளையலுக்கும் வீட்டு மனைக்கும் ஆசைப்பட்டு நான் பார்த்திருக்கிறேன். கேட்கப்படவேண்டும் என்று ஆசைப்பட்டவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கேலி பண்ண வாய் வரவில்லை.

அவள் ஊர் பாலாற்றங்கரையில் ஒரு காலனி. அப்பா தேவசகாயம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்தவர். பிறகு கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத்துக்குத் தோட்ட வேலை பார்த்தார். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். மகளை அவர் செங்கல்பட்டில் மிஷன் விடுதியில் சேர்த்தார். அங்கே பியானோ இருந்தது. வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு அம்மையார் வந்து சொல்லிக்கொடுத்தார். லண்டனிலிருந்து நடத்துகிற பரீட்சையில் கடைசி கிரேடுவரை ஜெனிட்டா பாஸ் பண்ணினாள். அவள் அப்பாவுக்கு அது ஒன்றும் புரியவில்லை. மகள் 'பொட்டி வாசிக்குது' என்பது மட்டும் தெரியும்.

தேவசகாயத்தின் குரல் இருக்கிறதே, அது தனிக்கதை. கோயிலில் அவர் பாட ஆரம்பித்தால் கூரையிலிருக்கிற புறா பறந்துவிடும். தாளம் கீளம் எல்லாம் அவருக்குக் கிடையாது. ஆர்கனுக்கு ரெண்டு எட்டு முன்னால் ஓடுவார். "ஞாயித்துக்கிழமை ஆனா எங்கப்பா பின்னாடி ஓடிப்போய்ப் பிடிக்கறதே என் வேலை மிஸ்" என்பாள் ஜெனிட்டா. அதாவது அவள் வாசித்ததை அந்த மனிதர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வாசிக்கும்போதெல்லாம் அவர் பாடிக்கொண்டிருந்தார்.

ஆல்பத்துக்குப் பணம் வேண்டும். பியானோவுக்குச் சுதி சேர்க்கச் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும், பதிவு செய்ய ஆள் வேண்டும், சிடி அடிக்கவேண்டும். இன்றைக்கு இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது, ஊர் பேர் தெரியாதவர்கள் பணம் அனுப்புகிறார்கள். அப்போது ஊரும் பேரும் தெரிந்தவர்களிடம்தான் கேட்டாகவேண்டும், அதனால்தான் கஷ்டம். கொடுக்கிறவர்கள் பெயரை ஆல்பத்தில் போடுவது என்று முடிவு செய்தோம். டீச்சர்கள் கொடுத்தார்கள், பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்தார்கள், ஓட்டல் சமையல்காரர்கூடக் கொடுத்தார். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "யாரு பாடுறாங்க?" யாரும் இல்லை என்றதும் சிலர் நீட்டின கையை மடக்கிக்கொண்டார்கள். பாதிதான் சேர்ந்தது.

அப்போதுதான் தேவசகாயம் சொன்னார்: "ஏலம் வுடலாம் டீச்சரம்மா."

அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது. அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்த்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கோழி, தேங்காய், பூசணி, வாழைத்தார் எதுவானாலும் சரி. வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். கோயில் ஏலம் முடிந்த அடுத்த ஞாயிறு, ஐயரிடம் அனுமதி வாங்கி, அதே வாசலில் ஜெனிட்டாவின் ஆல்பத்துக்காகத் தனியாக ஒரு ஏலம். கோயில் போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஏலம் விட்டவர் பூபாலன். செங்கல்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவில் பத்துப் பேரை அடைக்கிற அந்தச் சாமர்த்தியத்தை அன்றைக்கு ஏலத்தில் காட்டினார்.

நான் ஒரு பூசணிக்காயைக் கேட்டேன். நல்ல காய். சந்தை விலையைவிட மூன்று பங்கு ஏறிப்போய் எனக்கு விழுந்தது. சரி, நல்ல காரியம் என்று பணத்தைக் கொடுத்துவிட்டுக் காயைப் பைக்குள் திணித்தேன். வாசலில் எல்லோரும் என் பையையே பார்த்தார்கள்.

"டீச்சர், காய வூட்டுக்கா எடுத்துகினு போறீங்க?" என்றார் பூபாலன்.

"பின்னே? வாங்கினதை வீட்டுக்குத்தானே கொண்டுபோவாங்க?"

சிரித்தார்கள் பாருங்கள், எனக்குக் காது சிவந்துவிட்டது. ஏலம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். மறுபடி ஏலம், மறுபடி திருப்பிக் கொடுப்பது. கொடுக்க மனசில்லாதவர்கள்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்களாம். நான் பையிலிருந்து காயை எடுத்து வைத்தேன். பிறகு ரோசத்தில் நானே அதை இன்னொரு தரம் ஏலம் எடுத்தேன். அந்த ஒற்றைப் பூசணி அன்று காலனியையே சுற்றிவந்து, கடைசியில் எல்லோருக்கும் சாம்பாரானது.

நடுவில் தேவசகாயம் எழுந்து நின்றார். "எம்பொண்ணு ஆல்பம் போடுது. டப்பு குடுக்கற அல்லாரு பேரும் அதுல வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

"பேரு இன்னா அண்ணாத்த, ஆளே வரப்போறோம்!" என்று கூவினார் பூபாலன். எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ உற்சாகத்தில் சொல்கிறார் என்று நானும் தட்டினேன். அன்று சாயங்காலத்துக்குள் மீதிப் பணம் சேர்ந்துவிட்டது.

ஓட்டல் மேனேஜர் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹாலை இலவசமாகக் கொடுத்தார். சாயங்காலம் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு. நாலு மணிக்குக் காலி பண்ணிவிடவேண்டும், அடுத்த தேதியைக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கூடுவாஞ்சேரியிலிருந்து ராஜாராம் தன் கருவிகளோடு வந்தார். ஐயப்பன் பாட்டும் அம்மன் பாட்டும் பதிவு செய்து கேசட் போடுகிறவர். "பாடுறவங்க எத்தனை மணிக்கு வருவாங்க மேடம்?" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். ஏசி இரையும் என்று அணைத்தார். கடல் கேட்கும் என்று ஜன்னலை மூடினார். அக்னி நட்சத்திரத்தில் அந்த ஹால் இட்லிப் பானையாகிவிட்டது. பியானோவுக்குச் சுதி சேர்த்தவர் அப்போதுதான் வேலையை முடித்துக் கிளம்பினார். நானும் ராஜாராமும் மூச்சை அடக்கி உட்கார்ந்தோம். ஜெனிட்டா முதல் உருப்படியைப் பாதி வாசித்திருப்பாள், வெளியே ஒரு வேனின் ஹாரன் கேட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். காலனியே இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். பிள்ளைகள் முகத்தில் அரை இஞ்ச் பவுடர். பூபாலன் யாரிடமோ இரவல் வாங்கின கோட்டுப் போட்டிருந்தார். தேவசகாயம் புது வேட்டி, புதுத் துண்டு.

"போட்டோகாரரு எங்க டீச்சரம்மா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தக் காலனியில், அந்தக் காலனியில் என்ன, எங்கள் வீட்டிலும்தான், அந்த நாளில் ஆல்பம் என்றால் ஒன்றே ஒன்றுதான். தடித்த அட்டை போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும், விருந்தாளி வந்தால் காப்பியோடு எடுத்துவந்து காட்டுகிற கல்யாண போட்டோ ஆல்பம். ஜெனிட்டா போடுகிற ஆல்பத்தில் ஆளே வரப்போகிறோம் என்று பூபாலன் சொன்னது உற்சாகப் பேச்சு இல்லை. நம்பித்தான் சொல்லியிருக்கிறார். நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் நேராக ஹாலுக்குள் போய்விட்டார்கள். தேவசகாயத்தின் பக்கத்து வீட்டு எல்லம்மாள் மைக் ஸ்டாண்டு முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இதுல எப்படி மூஞ்சி வுழும்?" என்றாள்.

ராஜாராம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெனிட்டா பியானோ முன்னாலிருந்து எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை பேரும் ஏமாந்தோம் என்று திரும்பிப் போனால் அவள் அப்பா அந்தத் தெருவில் எப்படி நடப்பார்? சமாதானம் பேசிக்கொண்டிருந்தால் நாலு மணி ஆகிவிடும், ஆல்பம் போய்விடும்.

"மாமா, ஆல்பம்னா போட்டோ இல்ல" என்றாள் பூபாலனைப் பார்த்து. "நான் வாசிக்கிறத அப்படியே பிடிச்சு சிடியில போடறது. அதுக்கும் ஆல்பம்னுதான் பேரு. நான் வெளக்கமா சொல்லியிருக்கணும்."

"பாட்டா?"

"பாட்டு மாதிரிதான்."

"யாரு பாடுறது?"

"யாரும் பாடல மாமா."

பூபாலன் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "அப்ப நாங்க எதுக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் மனசைப் பிசைந்தது.

ஜெனிட்டா வந்தவர்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "கேக்கறதுக்கு" என்றாள்.

"மேடம், வேணாம்" என்று குறுக்கே வந்தார் ராஜாராம். "இத்தனை பேர் உள்ள இருந்தா இருமல் வரும், வளையல் குலுங்கும், பட்டுப்புடவை சரசரக்கும். நமக்கு இருக்கறது இன்னிக்கு ஒரு நாள்."

"இருக்கட்டும் சார். எனக்கு இவங்க உக்காந்து கேக்கணும்."

அதற்கு மேல் விவாதம் வேண்டாமென்று நான் புகுந்தேன். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவளுக்கு நாற்பது பெரியவர்கள் ஒரு பொருட்டா? "எல்லாரும் கீழே உட்காருங்க. விரல் வாயில" என்றேன். பெரியவர்களும் வைத்தார்கள். பிள்ளைகளின் கொலுசைக் கழற்றி என் கைப்பையில் போட்டேன். வளையலைக் கழற்றச் சொன்னதும் எல்லம்மாள் முறைத்தாள். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல வளையல அவுப்பாங்களா டீச்சர்?" என்றாள். நியாயம்தான். முந்தானையை எடுத்து ரெண்டு கையையும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். அதைப் பார்த்து எல்லாப் பெண்களும் சுற்றிக்கொண்டார்கள். கைகட்டு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தது.

தேவசகாயம் மட்டும் தவித்தார். "டீச்சரம்மா, பொட்டி சத்தம் கேட்டா எனுக்கு வாய் தானா தொறந்துக்கும்" என்றார். பிறகு தானே புதுத் துண்டின் முனையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

ஜெனிட்டா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அந்த இசையைப் பற்றி எழுத எனக்கு ஞானம் கிடையாது. எழுதினவர்கள் பெயர்கூட வாயில் நுழையாது. ஆனால் ஒன்று சொல்லுவேன். நாங்கள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து அவள் முகம் தெரிந்தது. இத்தனை வருசம் நான் முதுகு மட்டுமே பார்த்த பெண்ணுக்கு வாசிக்கும்போது இப்படி ஒரு முகம் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். ஓரிடத்தில் கண்ணை மூடினாள். ஓரிடத்தில், யாரோ நல்ல செய்தி சொன்னதுபோல, லேசாகச் சிரித்தாள். நான் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் சாதாரணமாக அழுகிறவள் இல்லை.

வேர்வை ஆறாக ஓடியது. யாரும் விசிறிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் ராஜாராம் கையைக் காட்டுவார், எல்லோரும் சேர்ந்து இருமித் தீர்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், பிறகு மறுபடி விரல் வாய்க்குப் போகும். மத்தியானம் ஓட்டல் சமையல்காரர் தயிர்சாதம் கொடுத்தார். பாதிப் பேர் அதற்குப் பிறகு கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் கிளம்பவில்லை, வேன் டிரைவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கடைசி உருப்படி மெதுவானது. அது ஆரம்பித்தபோது வரவேற்புக்குப் பூ கட்டுகிறவர்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். நான் தேவசகாயத்தைப் பார்த்தேன். துண்டு வாயிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. வாய் திறந்துதான் இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. ஓடிக்கொண்டே இருந்த மனிதர் முதல்முறையாக மகளுக்கு வழிவிட்டு நின்றிருந்தார்.

கடைசிச் சுரம் அடங்கிக்கொண்டே போனது. முழுசாக அடங்கும்வரை யாரும் அசையக்கூடாது என்று ராஜாராம் கையைத் தூக்கியபடி நின்றார். அந்த அமைதியில் தேவசகாயம் சொன்னார்:

"யம்மா, இன்னொரு தபா வாசி."

ராஜாராம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். "போச்சு மேடம். ஐயா குரல் விழுந்துடுச்சு. டேப்பும் தீர்ந்துபோச்சு, இன்னொரு டேக் எடுக்க வழியில்ல. அந்த இடத்தை மட்டும் நான் வெட்டிடறேன்" என்றார்.

"வெட்டாதீங்க" என்றாள் ஜெனிட்டா.

"இல்ல மேடம், கேக்கறவங்க..."

"வெட்டாதீங்க சார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "எங்கப்பா கேட்டிருக்காரு." அப்படியே திரும்பி, ஓடாத கருவிகளுக்கு நடுவே, அந்த உருப்படியை இன்னொரு தபா வாசித்தாள்.

நாலு மணி தாண்டிவிட்டது. மேனேஜர் பூ கட்டுகிறவர்களை உள்ளே விடாமல் கதவோரத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தோளில் கேமராவோடு நின்றவரைப் பூபாலன்தான் முதலில் பார்த்தார். வரவேற்புக்குப் போட்டோ எடுக்க வந்தவர்.

"அண்ணாத்த, பொண்ணு மாப்ள வர நேரமாவும். அதுக்குள்ள எங்கள ஒண்ணு எடு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஓட்டல் படிக்கட்டில், கடல் பின்னால் தெரிய, எல்லோரும் நின்றார்கள். வேர்வையில் பவுடர் வழிந்து, கனகாம்பரம் வாடி, பட்டு கசங்கி. நடுவில் ஜெனிட்டா, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. அந்தப் போட்டோதான் சிடியோடு வந்த மடிப்புத் தாளில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. மறுபக்கம் எல்லோர் பெயரும்.

ஆல்பம் நாலா பக்கமும் பறந்து விற்றது என்று சொன்னால் பொய். ஆனால் சிலது நடந்தது. ஐயர் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால், யாரும் பாடாமல், ஜெனிட்டா மட்டும் வாசிக்கக் கொஞ்ச நேரம் ஒதுக்கினார். எங்கள் பள்ளி பிரேயரில் கீபோர்டைத் திருப்பிப் போட்டார்கள். நான்தான் சண்டை போட்டுத் திருப்ப வைத்தேன். கேளம்பாக்கத்தில் புதிதாக வந்த ஃபிளாட்டுகளிலிருந்து பிள்ளைகள் அவளிடம் பியானோ கற்றுக்கொள்ள வந்தார்கள்.

காலனியில் அப்போது யார் வீட்டிலும் சிடி போட்டுக் கேட்க வசதி இல்லை. கல்யாண ஆல்பத்தோடு பீரோவில் வைத்திருந்தார்கள், விருந்தாளி வந்தால் மடிப்புத் தாளை விரித்துக் காட்டினார்கள். ரெண்டு வருசம் கழித்து வீட்டுக்கு வீடு விசிடி பிளேயர் வந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் போயிருந்தபோது எல்லம்மாள் வீட்டில் அதைப் போட்டார்கள். டிவி கறுப்பாகவே இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த அவள் மருமகன், "படம் வரலியே" என்றான்.

"படம்லாம் வராது. கம்முனு கேளு" என்றாள் எல்லம்மாள், கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு.

அவன் கேட்டான். முதலில் மரியாதைக்கு, பிறகு நிஜமாகவே. கடைசி உருப்படி அடங்கியது. தேவசகாயத்தின் குரல் தெளிவாக வந்தது: "யம்மா, இன்னொரு தபா வாசி." அத்தோடு சிடி நின்றது.

மருமகன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்புறம்? வாசிச்சாங்களா?" என்று கேட்டான்.

"வாசிச்சுது" என்றாள் எல்லம்மாள். "அது இதுல இல்ல. நாங்க கேட்டோம்."